யாரென்று கேட்கக் கூடாது

மூன்று டாக்டர் கிளினிக் என்று பெயர். இருந்தது இரண்டு டாக்டர்கள். மூன்றாமவர் வேலையை விட்டுப் போய் ஆறு வருடமாகியும் வாசல் பலகையில் அவர் பெயரை அழிக்க ஒருவருக்கும் கை வரவில்லை. அழிக்க ஏணி வேண்டும். ஏணி யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. விசாரிக்க நேரமில்லை. அந்தக் கிளினிக்கில் எல்லாமே இந்த லட்சணத்தில்தான் நடந்துகொண்டிருந்தது.

சுகாதாரத் துறையிலிருந்து ஆய்வுக் குழு ஒன்று வந்து, இரண்டு நாள் உட்கார்ந்து எல்லா அலமாரிகளையும் திறந்து பார்த்துவிட்டு, ஒரு வருடம் தவணை கொடுத்துவிட்டுப் போனது. அதற்குள் திருந்தாவிட்டால் மூடிவிடுவார்கள். மூடினால் சுற்று வட்டாரத்தில் நாலாயிரம் பேர் காய்ச்சல் தலைவலிக்குக்கூட இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அப்போதுதான் பெரிய டாக்டர் எங்கெங்கோ சொல்லி வைத்து, நிர்வாகத்துக்கென்று ஒரு பெண்மணியைக் கூட்டிவந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் வார்டு கிளார்க்காக இருந்தவர். வயது ஐம்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "லீவு கிடைக்கல" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

வந்த அன்றே பக்கத்துப் பெயின்ட் கடையில் ஏணி இரவல் வாங்கி, தானே ஏறிப் பலகையைச் சரிசெய்தார். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள், வரவேற்பு மேசையில் உட்காரும் பெண். அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அன்று மத்தியானமே அவள் புதிதாக வந்தவருக்குக் கறாரக்கா என்று பெயர் வைத்துவிட்டாள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. நாமும் அப்படியே கூப்பிடுவோம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதல் வாரம் கறாரக்கா கண்டுபிடித்தது, காகிதங்கள். சோதனைச் சாலையிலிருந்து வந்த ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே முடிவுகள். மேசை இழுப்பறையில் ஒரு கட்டு, ஜன்னலோரம் பூந்தொட்டிக்கு அடியில் ஒரு கட்டு, பழைய பிஸ்கட் டப்பாவில் ஒரு கட்டு. எந்த டாக்டரின் கண்ணிலும் படாதவை முந்நூற்றுப் பன்னிரண்டு. நர்ஸம்மாவும் அவரும் மாடி அறையில் தரையில் உட்கார்ந்து மூன்று நாள் பிரித்தார்கள். அதில் ஓய்வு பெற்ற ஒரு கொத்தனாரின் காகிதம் இருந்தது. இரண்டு மாதமாகச் சிறுநீரகம் கெட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, மனிதருக்குத் தெரியாது. நல்ல காலம், தப்பித்துக்கொண்டார். கறாரக்கா அன்று எதுவும் சாப்பிடவில்லை என்று நர்ஸம்மா பின்னால் சொன்னாள்.

இனி எந்தக் காகிதமும் யார் கண்ணிலும் படாமல் கிடக்கக் கூடாது என்று அவர் மனதுக்குள் சபதம் எடுத்தது அந்தத் தரையில்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தொலைபேசி. காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் அடித்துக்கொண்டே இருக்கும். கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்தவர்கள் நேரில் வந்து சத்தம் போடுவார்கள். கறாரக்கா நாலு நாள் ரேடியோவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று கோடு போட்டு எண்ணினார். நூறு அழைப்பில் நாற்பது, "என் ரிசல்ட் வந்துடுச்சா?" அவ்வளவுதான். உடனே ஒரு ஏற்பாடு செய்தார். வரும் காகிதமெல்லாம் வெள்ளை டிரேயில் விழும். அன்றன்றைக்கே டாக்டர் பார்த்தாக வேண்டும். கோளாறு இருந்தால் ஏழு நாளுக்குள் நாமே கூப்பிட்டுச் சொல்வோம். வரவேற்பறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை மாட்டினார்: "ஏழு நாளில் எங்களிடமிருந்து அழைப்பு வராவிட்டால் கவலை வேண்டாம்." ஒரே மாதத்தில் தொலைபேசி பாதியாக அடங்கியது. ரேடியோ முதல்முறையாக டீயைச் சூடாகக் குடித்தாள்.

இன்னொன்றும் செய்தார். வியாழக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் மாடியில் வட்டமாக உட்கார வேண்டும், டாக்டர்கள் உட்பட. அந்த வாரம் நடந்த தப்புகளைச் சொல்ல வேண்டும். தப்பை யார் வாயால் சொல்வது? முதல் இரண்டு வாரம் எல்லோரும் மோட்டுவளையைப் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் நர்ஸம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒருவருடைய ரத்தக் குப்பியில் இன்னொருவர் பெயரை ஒட்டிவிட்டதைச் சொன்னாள். சின்ன டாக்டர் சட்டென்று, அன்று டியூட்டியில் யார் என்று கேட்டுவிட்டார்.

"யாரு செஞ்சதுன்னு இங்க கேக்கக் கூடாது டாக்டர்" என்றார் கறாரக்கா. "எப்படி நடந்துச்சு, இனிமே நடக்காம இருக்க என்ன பண்ணலாம். இந்த ரெண்டு கேள்விதான் இங்க."

நர்ஸம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருட உத்தியோகத்தில் திட்டு வாங்காமல் ஒரு தப்பைச் சொன்னது அதுதான் முதல் தடவையாம். அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் நான் முந்தி நீ முந்தி என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கிளினிக் நிமிர்ந்தது அங்கேதான், மற்றதெல்லாம் சும்மா பெயின்ட் அடித்த வேலை.

இப்போது ரேடியோவின் காரணம். அவள் வாயில் எதுவும் தங்காது. கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, பாசத்தில்தான் சொல்வாள். ஆனால் தன் ஓரகத்தியின் கர்ப்பம் கலைந்த சேதியை அந்தப் பெண்ணின் புருஷனுக்குத் தெரியும் முன்பே பஸ் நிறுத்தம் முழுக்கத் தெரிய வைத்துவிட்டாள். அந்தப் பெண் கிளினிக்குக்கு வந்து வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனாள். கறாரக்கா அதற்கும் ஒரு ஏற்பாடு செய்தார். அங்கே வேலை செய்கிற பதினொரு பேரும் அந்த வட்டாரத்து ஆட்கள். அவர்கள் வீட்டு மனிதர்களும் அங்கேதான் வைத்தியத்துக்கு வருவார்கள். அவர்கள் பெயரை ஒரு பட்டியல் போட்டார். அந்தப் பட்டியலில் உள்ளவர்களின் காகிதம் வந்தால் வெள்ளை டிரேக்குப் போகாது. மாடியில், பெரிய டாக்டரின் அறையில், மூடி போட்ட நீல டிரேக்குப் போகும். உறையைப் பிரிக்காமல் ரேடியோ கொண்டுபோய் வைக்க வேண்டும், பெரிய டாக்டர் ஒருவர்தான் திறக்க வேண்டும். வேறு யாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது.

எல்லோரும் கேட்டு நடந்தார்கள். எல்லோரையும்விடக் கறாராக நடந்தது கறாரக்காதான். பெரிய டாக்டர் அறைக்குப் போனால் நீல டிரே இருக்கும் மூலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். இரண்டே மாதத்தில் அந்த மூலை அவர் கண்ணுக்கு இல்லாமலே போயிற்று.

அந்தப் பட்டியலில் கறாரக்கா எழுதிய பெயர்கள் நாலு. தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய இரண்டு பெண்கள்.

தம்பி டவுன் பஸ் ஓட்டுகிறவர். அக்கா கீழ் வீடு, தம்பி குடும்பம் மேல் வீடு. ஐந்து வயது இளையவர். பேச்சில் குறும்பு அதிகம். அக்கா கிளினிக்கைத் தூக்கி நிறுத்துகிற கதையை பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் அளப்பார். அக்காவிடம் மட்டும், "உங்க கிளினிக்ல நோய் வர்றதுக்கே முன்கூட்டி டோக்கன் வாங்கணும் போல" என்பார். அக்கா சிரிக்காமல் இருக்கப் பார்ப்பார், முடியாது.

நாலாவது மாதம், ஐம்பது வயது தாண்டிய எல்லோருக்கும் குடல் பரிசோதனை செய்யச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. பெரிய விஷயமில்லை. ஒரு உறை கொடுப்பார்கள், அதில் ஒரு சின்னக் குப்பி. மலத்தில் கொஞ்சம் எடுத்துப் போட்டு அனுப்பினால், கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். சனங்கள் கூச்சப்பட்டு அந்த உறையைத் தொடவே இல்லை. ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் நம் வீட்டில் தொடங்குவோம் என்று கறாரக்கா தம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒரு வாரம் விடாமல் நச்சரித்தார். கடைசியில் தம்பி உறையைக் கொண்டுவந்து பணிவாக இரண்டு கையாலும் நீட்டினார்.

"இத்தன வருஷத்துல நீ என்கிட்ட வாய் விட்டுக் கேட்டது இது ஒண்ணுதான். தரமாட்டேன்னா சொல்வேன்?"

தம்பி மனைவி சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கறாரக்காவும் சிரித்தார்.

உறை போன அடுத்த வாரம், பெரிய டாக்டருக்குக் கண்ணில் ஆபரேஷன். ஏழு வாரம் விடுப்பு. அவருடைய வேலைகளை யார் யார் பார்ப்பது என்று கறாரக்கா ஒரு தாள் தயாரித்தார். இருபத்துமூன்று வரிகள். மருந்துச் சீட்டு இன்னார், வெள்ளை டிரே சின்ன டாக்டர், தடுப்பூசிக் கணக்கு நர்ஸம்மா, அறைச் சாவி இன்னார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு முறை சரிபார்த்தார். இருபத்துநாலாவது வரி ஒன்று இருந்திருக்க வேண்டும். அது விட்டுப்போயிற்று. பார்க்கவே கூடாது என்று பழக்கிய கண்ணுக்கு அது தெரியவில்லை.

பெரிய டாக்டர் திரும்பி வந்தபோது படியேறக் கூடாது என்றார்கள். வாரத்தில் இரண்டு நாள், கீழ் அறையில் உட்கார்ந்தார். நீல டிரே கீழே வராததால், அந்த வேலையை வேறு யாரிடமோ கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். மாடி அறை சாமான் அறை ஆயிற்று. டிரேயின் மூடிமேல் தடுப்பூசிப் பெட்டிகளை அடுக்கினார்கள். ரேடியோ பாவம், சொன்ன சொல் தப்பாதவள். பட்டியலில் உள்ள பெயருக்கு உறை வந்தால் மாடிக்கு ஏறி, பெட்டிகளை இறக்கி, மூடியைத் திறந்து, உறையை வைத்து, மூடி, பெட்டிகளை மறுபடி அடுக்கிவிட்டு வருவாள். பிரித்துப் பார்க்கவில்லை, யாரிடமும் மூச்சு விடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைக் கட்டிக் காட்டியிருந்தாள்.

தம்பி இரண்டு தடவை கேட்டார். முதல் தடவை உறை போய்ப் பதினைந்து நாள் கழித்து, படியில் நின்று.

"நான் பாக்கக் கூடாதுடா" என்றார் அக்கா. "ஏதாவது இருந்தா டாக்டரே கூப்பிடுவாரு."

இரண்டாவது தடவை இரண்டு மாதம் கழித்து. லேசாக அசதியாக இருக்கிறது, அந்த ரிசல்ட் என்னதான் ஆயிற்று என்றார். அக்காவுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், நம் வீட்டுக்கு ஒரு சட்டமா? சுவரில் நாலடிப் பலகை மாட்டியிருப்பது எதற்கு?

"ஏழு நாள்ல கூப்பிடலன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம். நிம்மதியா இரு."

தம்பி நிம்மதியாக இருந்தார்.

ஐந்தரை மாதம். அதற்குள் அவருடைய பெல்ட்டில் மூன்று புது ஓட்டைகள் விழுந்தன. ஒருநாள் காலை டிப்போவில் வண்டியை எடுக்கும் முன்னால் மயங்கி விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துப் படம் எடுத்தார்கள். குடலில் தொடங்கி ஈரலுக்கும் பரவியிருந்தது. கறாரக்கா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்த டாக்டர் கணினியில் எதையோ தேடிப் படித்துவிட்டு, கேட்டார்: "அஞ்சு மாசத்துக்கு முன்னாடியே ரத்தக் கசிவு இருக்குன்னு ரிப்போர்ட் உங்க கிளினிக்குக்குப் போயிருக்கே. ஏன் உடனே வரல?"

கறாரக்கா வெளியே வந்து ஆட்டோ பிடித்து நேராகக் கிளினிக்குக்குப் போனார். மாடியேறினார். பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். மூடியைத் திறந்தார். பிரிக்காத உறைகள் பதினொன்று. பத்து உறையில் ஒரு கோளாறும் இல்லை. அடியில் கிடந்த பதினொன்றாவதில் தம்பி பெயர் இருந்தது. பூந்தொட்டிக்கு அடியில் கிடந்ததையெல்லாம் உட்கார்ந்து பிரித்த அதே அறை, அதே தரை. அங்கேயே உட்கார்ந்து அழுதார். ரேடியோ வாசல்படியில் வந்து நின்றாள்.

அன்றே தம்பியிடம் சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, டிரேயிலிருந்து இருபத்துமூன்று வரிவரை ஒன்று விடாமல். தம்பி கேட்டுக்கொண்டே இருந்தார். மற்ற பத்துப் பேரும் நலம்தானே என்று விசாரித்தார். நலம் என்றதும் தலையாட்டினார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் ரெண்டு தடவ கேட்டேன்லக்கா."

கோபமே இல்லை அதில். பஸ்ஸில் குடையை மறந்துவிட்டு வந்தவன் சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் கறாரக்காவின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது, இன்றுவரை இறங்கவில்லை.

தம்பி மனைவி கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அன்று ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. அதன் பிறகு கறாரக்காவிடம் அவள் பேசவே இல்லை.

ஆய்வுக் குழு திரும்ப வர இன்னும் பதினேழு நாள் இருந்தது. பெரிய டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆய்வு முடிந்த பிறகு இதைப் பதிவு செய்யலாமே, இப்போது எழுதினால் மூடிவிடுவார்கள், நாலாயிரம் பேர் எங்கே போவார்கள் என்றார். கெட்ட மனிதரில்லை, பயந்த மனிதர். நீல டிரேயைப் பற்றி நானாவது கேட்டிருக்கலாம் என்று அவரும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார். வியாழக்கிழமை வரட்டும் என்றார் கறாரக்கா.

வியாழக்கிழமை மாடியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். கறாரக்கா எழுந்து நிற்கவில்லை, காகிதமும் கையில் இல்லை. சொன்னார். டிரே வைத்தது நான், பட்டியல் போட்டது நான், தாளில் வரியை விட்டது நான், கேட்டவனுக்குக் கவலை வேண்டாம் என்று சொன்னதும் நான். சொல்லிவிட்டு எதிரே இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாராவது திட்ட மாட்டார்களா என்று அவருக்கு இருந்தது. யார் செய்தது என்று ஒருவராவது வாய் தவறிக் கேட்க மாட்டார்களா, ஒரு நாற்காலியாவது சத்தத்தோடு நகராதா. சின்ன டாக்டர் தலை குனிந்திருந்தார். நர்ஸம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லிக்கொடுத்ததை அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ரேடியோதான் அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"இனிமே இப்படி நடக்காம இருக்க என்ன பண்ணலாம் அக்கா?"

முதல் தடவையாக அந்தக் கூட்டத்தில் கறாரக்காவின் குரல் உடைந்தது. பலகையைக் கழற்றுங்கள் என்றார். நீல டிரே வேண்டாம். எல்லோருக்கும் ஒரே டிரே. நல்லதோ கெட்டதோ, எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லுவோம். தொலைபேசி வேலை இரண்டு மடங்கானால் ஆகட்டும்.

தானே அறிக்கை எழுதி ஆய்வுக் குழுவுக்கு அனுப்பினார். பெரிய டாக்டர் கீழே கையெழுத்துப் போட்டார். குழு வந்தது, இரண்டு நாள் உட்கார்ந்தது, கிளினிக் தேறிவிட்டது. வெறுமனே தேறவில்லை, 'நன்று' என்று போட்டிருந்தார்கள். காரணத்தையும் எழுதியிருந்தார்கள்: தன் தவறை மறைக்காமல் தானே முன்வந்து பதிவு செய்யும் நிலையம் என்று. தம்பியின் காகிதத்துக்குக் கிடைத்த மதிப்பெண் அது. எல்லோரும் சேர்ந்து டீ குடித்தார்கள். கறாரக்கா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், அது ஆறிப்போயிற்று.

தம்பி மேலும் ஏழு மாதம் இருந்தார். கடைசிவரை தமாஷ் குறையவில்லை. பார்க்க வந்தவர்களிடம், எங்கள் அக்கா கிளினிக்குக்கு நன்று கிடைத்திருக்கிறது தெரியுமா என்பார். அதைக் கேட்டதும் அக்கா எழுந்து சமையலறைப் பக்கம் போய்விடுவார். தம்பி போன பிறகு மேல் வீடு காலியானது. மனைவியும் பெண்களும் இரண்டு தெரு தள்ளி வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். சாமான் ஏற்றிய வண்டிக்குப் பக்கத்தில் நின்ற சின்னவள் மட்டும், "வரேன் அத்தை" என்றாள்.

கறாரக்கா வேலையை விடவில்லை. விட்டால் தேவலை என்று எல்லோரும் மனதுக்குள் நினைத்தார்கள், சொல்லத் தைரியமில்லை. தினமும் காலை பத்து மணிக்கு ரேடியோவும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பட்டியலை எடுத்துக்கொண்டு எண்களைச் சுழற்றுவார்கள். பெரும்பாலும் நல்ல சேதிதான். உங்களுக்கு ஒண்ணுமில்லை என்று கேட்டதும் சிலர் குழம்பிப்போய், "இதச் சொல்லவா கூப்பிட்டீங்க?" என்பார்கள். "ஆமாங்க, இதச் சொல்லத்தான்" என்பார் கறாரக்கா.

அடுத்த வருடம் ஒரு காலை, அவர் பங்குக்கு வந்த பட்டியலில் ஒன்பதாவது பெயர் தம்பி மனைவியுடையது. ஐம்பது முடிந்திருக்கிறது, உறை வந்திருக்கிறது, ரத்தக் கசிவு இல்லை. ரேடியோ எட்டிப் பார்த்துவிட்டு, "இத நான் கூப்பிடட்டுமா அக்கா?" என்றாள். வேண்டாம், என் பக்கத்தில்தானே இருக்கிறது என்றார் கறாரக்கா. எண்ணைப் பார்க்காமலே சுழற்றினார்.

நாலாவது மணி அடித்ததும் தம்பி மனைவி எடுத்தாள்.

"உன் ரிசல்ட் வந்துடுச்சும்மா. உனக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்க."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. கறாரக்காவின் குரல் அவள் முப்பது வருடமாகக் கேட்டுப் பழகியது. அடையாளம் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

"யாரு பேசுறது?" என்றாள் தம்பி மனைவி.

அந்தக் கேள்விக்காக அன்று வட்டத்தில் உட்கார்ந்து கறாரக்கா எவ்வளவு நேரம் காத்திருந்தார். உன் அண்ணிதான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"கிளினிக்ல இருந்து பேசுறோம்மா" என்றார்.

"சரி" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். கறாரக்கா ஒன்பதாவது பெயருக்கு நேரே டிக் போட்டுவிட்டு, பத்தாவது எண்ணைச் சுழற்றினார்.